ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காத கை

திருப்பூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தே ஆக வேண்டும். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் நேரம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, மளிகைக் கடையை முடித்து, மறுநாள் காலை வந்து உட்காருவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பாதிப் பேரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "இப்ப வலி இல்லீங்க சார். நேத்துப் பொழுதோட வந்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்துவிட்ட மாதிரி. எனக்கோ அதைவிட உபயோகமான தகவல் கிடையாது. வெள்ளி, சனியில் உச்சத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிற வலி என்றால், முதல் சந்தேகம் வேலையின் மேல்தான் விழ வேண்டும். எந்த இடத்தில் வலி என்பதை நான் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துக்கொள்வேன். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதை யாரும் தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும்.

தசை, அதை எலும்போடு கட்டும் தசைநாண், மூட்டு, இவற்றின் இடுக்கில் ஓடும் நரம்பு. இவற்றில் வரும் தொல்லைகளையெல்லாம் சேர்த்துத் தசை-எலும்புக் கோளாறுகள் என்று ஒரே பெயரில் வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 171 கோடிப் பேருக்கு இதில் ஏதாவது ஒன்று இருக்கிறது. இடுப்பு வலி மட்டுமே 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு. ஆளைக் கொல்லும் வியாதி இல்லை என்பதால் யாரும் பயப்படுவதில்லை. ஆளைக் கொல்லாமல் வேலையை மட்டும் பறிக்கும்.

வேலையால் வரும் வலி பெரும்பாலும் படிப்படியாகத்தான் ஏறும். முதலில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் தலைகாட்டும். வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளித்துப் படுத்தால் காலையில் இருக்காது. ஷிப்மெண்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் கூடும். அடுத்த கட்டத்தில் ராத்திரியும் கூடவே வரும், காலையில் மிஷினில் உட்காரும்போதே ஆரம்பித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது, தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தால்தான் கொஞ்சம் தணியும். கடைசியில் லீவும் உதவாது. தூக்கம் கெடும், டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்னும். முதல் கட்டத்தில் வருபவரை ஸ்டூல் உயரத்தை மாற்றச் சொல்லி, இரண்டு பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பிவிடலாம். கடைசிக் கட்டத்தில் வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் நடுக்கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களுக்கு அரை நாள் லீவு என்றால் அரை நாள் கூலி போச்சு. அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பெண்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு பாதி நேரம் ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துத் துணி மொத்தமும் அன்றைக்குத்தான் துவைக்கிறார்கள். இட்லிக்கு ஆட்டி வைப்பது, நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடம் குடமாகப் பிடித்து வைப்பது எல்லாம் அதே கையும் அதே இடுப்பும்தான். "லீவு அன்னிக்கும் வலிக்குதுங்க, அதனால வேலையால இல்லைங்க" என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அதனால் பெண்களிடம் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எப்படி இருந்தது? "அங்க போனா ஒண்ணும் இல்லீங்க" என்று பளிச்சென்று வரும் பதில்.

துணி விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்குப் பிடரியில் வலி. என்ன பயிற்சி கொடுத்தும் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அவர் வேலை செய்யும் யூனிட்டின் முதலாளி எனக்குத் தெரிந்தவர் என்பதால் நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. முதுகு சாய வழியில்லாத ஸ்டூல். அதன் மேல் பாலிதீன் பையில் கட்டிங் வேஸ்டை அடைத்து மெத்தை மாதிரி போட்டிருந்தார். ஆள் குட்டை, டேபிளும் ஸ்டூலும் ஒரே உயரத்தில் அடித்து வைத்தவை. பெடலை எட்டுவதற்காக ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் பெடலில், இடது கால் மடங்கி ஸ்டூலுக்கு அடியில். ஊசி ஓடுகிற இடத்தைப் பார்க்கத் தலை முன்னால் நீண்டிருந்தது. மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ. கழுத்தின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் அந்த எடை பெரிதாகத் தெரியாது. முன்னால் நீட்டினால் விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலை முழுக்கப் பிடரித் தசைக்கு.

வலது பக்கத் துணிக்கட்டிலிருந்து ஒரு பீஸை எடுக்கத் திரும்பினார். இரண்டு கையாலும் விளிம்பைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்குக் கொடுத்தார், இரண்டு மணிக்கட்டும் வெளிப்பக்கமாக ஒடிந்திருந்தன. சில நொடியில் தையல் முடிந்தது. இடது பக்கக் கூடையில் வீசத் திரும்பினார். மறுபடி வலது பக்கம். இது பார்த்தவுடனே தெரிந்தது. தெரியாத ஒன்றும் இருந்தது: நூல் அறுந்து மிஷின் நின்றபோது நூலைக் கோத்தார், பக்கத்து மிஷின்காரியிடம் சிரித்துப் பேசினார். அவ்வளவு நேரமும் இரண்டு தோளும் காதை நோக்கித் தூக்கியபடியே இருந்தன. நான் மேலிருந்து மெதுவாக அழுத்திக் கீழே இறக்கியதும், "இது இத்தனை நேரம் மேலயா இருந்துச்சு?" என்றார்.

வலி பிறக்கும் இடம் அதுதான். அசைந்து வேலை செய்யும் தசை சுருங்கிச் சுருங்கி விரிவதால் ரத்தம் உள்ளே வந்து போகும். ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசை தன் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை, லேசான இறுக்கமே மணிக்கணக்கில் நீடித்தால் போதும். மூட்டை தூக்குகிறவருக்கு வலித்தால் வீட்டில் நம்புகிறார்கள். "உட்கார்ந்து தைக்கிறவளுக்கு என்ன வலி?" என்று கேட்கிற வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து தைப்பதால்தான் வலி.

பலம், திரும்பத் திரும்பச் செய்வது, கோணலான நிலை, அசையாமல் இருப்பது, அதிர்வு. இந்த ஐந்தில் எத்தனை ஒன்றாகச் சேர்கின்றன, நடுவில் ஓய்வு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் வலி வருகிறது. மனசுக்கும் இதில் பங்கு உண்டு. டார்கெட் வரவில்லை என்று சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்கும்போது தோள் இன்னும் ஓர் அங்குலம் மேலே போகும்.

கைக்கு வருவோம். இங்கே நான் அதிகம் பார்ப்பது கார்ப்பல் டனல். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பும் பட்டையான தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகலான சுரங்கம் போல அமைந்திருக்கின்றன. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் இடம் போதாமல் நசுங்குவது அந்த ஒற்றை நரம்பு. அதனால் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கேட்டால் பலர் யோசித்துப் பார்த்து, "ஆமாங்க, சுண்டு விரல் நல்லாத்தான் இருக்கு" என்று ஆச்சரியப்படுவார்கள். சுண்டு விரல் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் கை வலி மாறுகிறது என்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னோர் அடையாளம் ராத்திரி. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும், நடு இரவில் மதமதப்பும் எரிச்சலுமாக எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகும். கையை உதறிக் காட்டியபடியே ஒருவர் கிளினிக்குக்குள் வந்தால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. புறங்கைகள் இரண்டையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வோம். அதற்குள் விரல்கள் மரக்கத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். சர்க்கரை, தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது எளிதில் வரும் என்பதால் வேலையை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் கூடாது, ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆரம்பத்தில் என்றால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே நல்ல பலன் தரும். பெருவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேடு தட்டையாகிவிட்டால், கையிலிருந்து சாமான் நழுவ ஆரம்பித்தால், தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். நசுங்கிய நரம்பு ரொம்ப நாள் காத்திருக்காது.

டிரிம்மிங்கில் நாள் முழுக்க நூல் வெட்டுகிற பிள்ளைகளுக்குப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலிக்கும். 1895-இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் தாய்மார்களுக்கும் அச்சு அசலாக இதே வலி வரும். அயர்ன் பண்ணுகிறவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கமும் தோளும். நாள் முழுக்க நின்றே இருக்கும் செக்கிங்காரர்களுக்குக் குதிகால். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நாலு அடி முள் மேல் வைக்கிற மாதிரி இருக்கும், நடக்க நடக்கக் குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் தனியாக ஒரு தொல்லை. ஜாக்கெட்டின் பின் கொக்கி எட்டவில்லை, பேண்டின் பின் பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க முடியவில்லை என்று ஆரம்பித்துக் கடைசியில் தோள் இறுகிப் பூட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் வேலையோடு கூடிக் குறைகிற வலி. தலைகீழாக நடந்தால் உஷாராக வேண்டும். ஓய்வெடுத்தால் கூடுகிறது, வேலை செய்யச் செய்யக் குறைகிறது. காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. இப்படி இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது. அதேபோல் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலி, பின்னிரவில் தூக்கம் கலைகிறது, எழுந்து நடந்தால் தேவலை என்றால், முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். இவர்களுக்குத் தேவை மூட்டுவாத மருத்துவர், நான் இல்லை. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டைப் பிடிக்கிற வலியும் இதே ஜாடையில் இருக்கும். அதனால் முன்னால் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டுக்கொள்வேன்.

மேலும் சில, யாரும் மசாஜுக்கு வரவே கூடாதவை. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை. முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலியும் அப்படித்தான். இடது தோளும் கையும் வலித்து, வியர்த்து, நெஞ்சு அழுத்தினால் அது தோள் வலி இல்லை.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிளாஸ்டிக் கவரில் போட்டு, பத்திரம் மாதிரிப் பாதுகாத்துக் கொண்டுவருவார்கள். "தேய்மானம்னு சொல்லிட்டாங்க சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமா" என்பார்கள். வலியே இல்லாத மனிதர்களின் முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகளில் தேய்மானம். எண்பது வயதில் 96 சதவீதம். அத்தனை பேருக்கும் வலி இல்லை. தலை நரைக்கிற வயதில் முதுகும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். தேய்மானம் இருப்பதால் அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. தேய்மானம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு குனியவே பயந்து, அசையாமல் கிடந்து, வலியைக் கூட்டிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால் பேப்பரில் மடித்துத் தருவார்கள். உள்ளே டைக்ளோபினாக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும். டைக்ளோபினாக்கை வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குச் சேதமும் வரலாம். அதைவிட, மாத்திரை வலியை மட்டும்தான் அமுக்கும், ஸ்டூல் உயரத்தை மாற்றாது. வலி தெரியாததால் அந்த வாரமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிடுவார்கள்.

தொழில்நோய் என்று இந்த வலிகளைச் சட்டம் கணக்கில் எடுத்ததா என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 நோய்கள் இருந்தன. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது. ஈயம், பாதரசம், சத்தத்தால் காது கேட்காமல் போவது எல்லாம் இருந்தன. மணிக்கட்டும் இடுப்பும் பிடரியும் இருக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலில் கார்ப்பல் டனலும், பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வலியும், முழங்கை வலியும் தனித்தனியாகவே இடம்பெற்றிருக்கின்றன. அதே 1948 சட்டத்தின் 44-ஆம் பிரிவு வேறொன்று சொல்லியிருந்தது: நின்றபடியே வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும். தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நிற்கிற பெண்களுக்கு அந்த உரிமை சட்டத் திருத்தமாக வர 2021 ஆயிற்று. கேரளம் 2018-இலேயே கொண்டுவந்துவிட்டது.

ஓவர்லாக் அக்காவின் யூனிட்டில் நான் சொன்ன சிலதை முதலாளி செய்தார். அக்காவின் ஸ்டூல் காலை அறுத்து உயரம் குறைத்து, முதுகுக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். வலது பக்கத் துணிக்கட்டை மடிக்கு எட்டும் உயரத்தில் வைக்க ஒரு சின்ன மேஜை போட்டார். செக்கிங் டேபிளின் நாலு காலுக்கும் கீழே கல் வைத்து உயர்த்தியதில் அங்கே குனிந்து குனிந்து பார்த்தவர்களுக்கு நிம்மதி. ஒருவருக்கு மட்டும் டேபிள் உயரமாகிப்போய், அவர் தானே ஒரு பலகையைத் தேடிப் போட்டு ஏறி நின்றுகொண்டார். அக்காவின் பிடரி வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வியாழக்கிழமை வரைக்கும் தாக்குப்பிடிக்கிறதாம்.

செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் இரண்டு உயரமான ஸ்டூல் போடுங்கள் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உட்கார்ந்தா தூங்கிருவாங்க சார்" என்றார். 44-ஆம் பிரிவைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க" என்றார். சொன்னது தப்பில்லை. கரண்டில் மிஷின் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. அவரிடம் வேலை பார்ப்பது எட்டுப் பேர்.